பினாங்கு தந்த குரல்



பினாங்கின் வரலாறு என்றால் 1786-இல் பிரான்சிஸ் லைட் வந்திறங்கியது முதல் தொடங்குகிறோம். துறைமுகம், மிளகு, ஈயம் என்று பாடம் முடிந்துவிடுகிறது. அத்தீவின் மக்கள் எதைப் பாடினார்கள் என்பதும் வரலாறே அன்றோ? 1929-இல் அங்குப் பிறந்த பி. ராம்லியை அறியாதார் இல்லை. அவருக்குப் பின் வந்த 'அலிகேட்ஸ்' இசைக்குழுவைப் பற்றி இன்று பார்ப்போம்.

1960-களில் பீட்டில்ஸ் பாடல்கள் நம் கரையை எட்டின. கித்தாரும் முரசும் ஏந்திய இளைஞர் குழுக்கள் பல தோன்றின. அவ்விசையில் ஒலித்த கூவலைக் கொண்டே அதற்குப் 'பாப் யே யே' என்ற பெயரும் விழுந்தது. அந்த அலை ஓயும் காலத்தில் பினாங்கில் உருவானதே இக்குழு. முன்னணியில் நின்றவர்கள் டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் என்னும் தமிழ்ச் சகோதரர்கள். சுருண்டு படர்ந்த கூந்தல் அவர்களின் அடையாளம். (நம் பெரியவர்கள் முகம் சுளித்திருப்பார்கள், அது வேறு கதை.) 1970-களில் ஹாங்காங்கில் சில ஆண்டுகள் பாடினர். தாயகம் திரும்பி மலாய்மொழியில் இசைத்தட்டுகள் வெளியிட்ட பின்னரே நாடெங்கும் அறியப்பட்டனர்.

அப்பாடல்கள் நெஞ்சைத் தொடுவது எதனால்? தாளம் துள்ளுகிறது, சொல்லோ பெரும்பாலும் பிரிவைப் பேசுகிறது. பாலைத்திணையைப் படித்த நமக்கு இது புதிதன்று. ஒரு குரல் தன் துயரைத் தனியே சொல்லத் தொடங்குகிறது. பல்லவியில் மற்றக் குரல்கள் வந்து சேர்கின்றன. சேர்ந்ததும் அத்துயர் ஒருவனுடையதாக இல்லாமல் கேட்போர் அனைவருடையதாகவும் ஆகிவிடுகிறது. அழுகையை உரக்கக் கொட்டாமல் அடக்கிப் பாடுவதே அவர்களின் வலிமை என்போம்.

தமிழ்ப் பிள்ளைகள் மலாயில் பாடிப் புகழ் பெற்றால் தமிழுக்கு என்ன பயன் என்று கேட்போர் உண்டு. தோட்டப் பள்ளியில் தமிழைக் காக்க உழைக்கும் நமக்கு அது உறுத்தும் கேள்விதான். ஆயினும் 1969 மே கலவரத்தின் வடு ஆறாத காலம் அது. ஓரினத்தார் மற்றோர் இனத்தாரை ஐயத்தோடு நோக்கிய அந்நாளில், மலாய் இளைஞர் தம் காதலைச் சொல்லத் தமிழர் குரலை நாடினர். சிங்கப்பூரில் பிறந்த எம். நாசிர் போன்ற மலாய் இசைவாணர்கள் அவர்களுக்குப் பாடல் அமைத்தனர். எந்தச் சட்டமும் இதைச் செய்வித்திருக்க முடியாது.

'உனக்கு முன் நான் போய்விட்டால்' என்னும் பொருள்படத் தலைப்பிட்ட பாடல் ஒன்று அவர்களுடையது. 2007 ஜூனில் லோகநாதன் காலமானார். டேவிட் அதன் பின்னரும் மேடையேறிப் பாடினார்.