டெக்கிலிருந்து 4கே பெட்டி வரை: ஓர் அருவிக் கணக்கு



பெங்களூரில் வேலை பார்க்கும் பழைய மாணவர் ஒருவர் போன வாரம் வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தார். "சார், பெரிய டிவி வாங்கியிருக்கேன். எச்டி படம் பார்க்க எந்தப் பெட்டி வாங்கலாம்? பிராசசர் எவ்வளவு வேகம் இருக்கணும்?" கூடவே அப்பா அம்மாவின் கல்யாணக் கேசட்டையும் அதில் ஓட்டிக் காட்ட வேண்டுமாம். இரண்டுக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும். என் வகுப்பில் இருந்தவர்களுக்கு அது புதிதில்லை.

வேகத்தை மட்டும் கேட்டுக்கொண்டு கடைக்குப் போனால் தப்பான பெட்டிதான் வீட்டுக்கு வரும். நம் வீடுகளுக்கு வந்த கருவிகளின் கதையைப் பார்த்தால் காரணம் புரியும். அந்தக் கதையைச் சோதித்துப் பார்க்க நம் ஊரிலேயே ஒரு நல்ல அளவுகோல் இருக்கிறது. குற்றாலத்து அருவிதான்.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15-ல் தொடங்கியது. அந்தப் படம் இவ்வளவு தூரம் வரவில்லை. 1982-ல் டெல்லி ஆசிய விளையாட்டையொட்டி வண்ண ஒளிபரப்பு வந்தது. அதே ஆண்டு இலங்கையில் ரூபவாஹினி தொடங்க, தென்கோடிக் கரையோர ஊர்களில் கம்பம் நட்டு ஆன்டெனா கட்டி அதைப் பார்த்தார்கள். கொடைக்கானல் நிலையம் வந்த பிறகே நம் பக்கம் ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பி வைத்ததற்குப் பலன் கிடைத்தது. ஆகவே டிவி ஒழுங்காகத் தெரிவதற்கு முன்பே பல தெருக்களில் டெக் வந்துவிட்டது. கடையநல்லூர், தென்காசிப் பக்கத்திலிருந்து வளைகுடாவுக்குப் போனவர்கள் கொண்டுவந்தார்கள். மற்றவர்கள் வாடகைக்கு எடுத்தோம். ஒரு ராத்திரிக்கு மூன்று படம், தெரு முழுக்கத் திண்ணையில்.

அந்த விஎச்எஸ் முறை ஜப்பானின் ஜேவிசி நிறுவனம் 1976-ல் கொண்டுவந்தது. குறுக்கே எண்ணினால் சுமார் 240 கோடுகள்தான் அதில் தெளிவாகத் தெரியும். முகங்கள் கொஞ்சம் மங்கல். ஆனால் அதில் பிடித்த அருவி விழும், நிஜமாகவே விழும். வினாடிக்கு 50 அரைப்படங்களாக நாடாவில் பதிந்ததை அப்படியே ஓட்டியதால், தண்ணீர் மங்கலாக இருந்தாலும் ஓட்டம் கெடவில்லை.

(இடையில் ஒரு சுவாரசியம். சினிமா வினாடிக்கு 24 படம். நம் டிவி முறை 25. படத்தை டிவிக்கு மாற்றும்போது சற்று வேகமாக ஓட்டிவிடுவது வழக்கம். இரண்டரை மணி நேரப் படம் 144 நிமிடத்தில் முடிந்துவிடும். பாட்டின் சுருதியும் கொஞ்சம் ஏறும்.)

அடுத்து விசிடி. 1993-ல் அதற்கான வரையறை வந்தது. நம் கடைத்தெருவுக்கு வரச் சில வருடம் ஆயிற்று. ஒரு தட்டில் 74 நிமிடம். தமிழ்ப் படம் இரண்டு அல்லது மூன்று தட்டுக்குக் குறையாது. இங்கேதான் சுருக்குதல் என்ற வித்தை வீட்டுக்குள் நுழைந்தது. படத்தைச் சிறு சிறு சதுரங்களாக வெட்டி, ஒவ்வொரு சதுரமும் முந்தைய படத்தில் எங்கே இருந்தது என்று தேடி, நகர்ந்த தூரத்தையும் வித்தியாசத்தையும் மட்டும் எழுதி வைப்பார்கள். சுவருக்கு முன்னால் ஒருவர் உட்கார்ந்து பேசினால் எழுத வேண்டியது மிகக் குறைவு. செங்கோட்டை பஸ் திரையில் குறுக்கே போனால், நகர்ந்த கணக்கு போதும். ஐந்தருவியைக் காட்டினால்? முந்தைய படத்தில் இருந்த துளி எதுவும் அடுத்த படத்தில் அதே வடிவில் இல்லை. தேடினாலும் கிடைக்காது, எல்லாவற்றையும் புதிதாக எழுத வேண்டும். விசிடியோ வினாடிக்குச் சுமார் 11.5 லட்சம் பிட்டுக்கு மேல் தராது. அதனால் சீசனில் எடுத்த குடும்ப வீடியோவை விசிடியில் பார்த்தால், அருவி இருந்த இடத்தில் வெள்ளைச் சதுரங்கள் குதித்துக்கொண்டிருக்கும்.

டிவிடி 1996-ல் ஜப்பானில் வந்தது. விசிடியைவிட நான்கு மடங்கு புள்ளிகள், இடமும் தாராளம். தமிழகத்தில் 2006-க்குப் பிறகு அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சி வீடு வீடாகப் போனது. அந்த 14 அங்குலப் பெட்டியின் பக்கத்தில் விலை குறைந்த டிவிடி பிளேயர் ஒன்றும் வந்து உட்கார்ந்தது. பென்டிரைவ் செருகலாம், பழைய டிவ்எக்ஸ் கோப்புகள் ஓடும். 2003-ல் வரையறுக்கப்பட்ட எச்.264 முறையில் செய்த கோப்பைப் போட்டால், ஆதரவில்லை என்று ஒரு வரி வரும், அவ்வளவுதான். அதை விரிக்கும் சுற்று அந்தச் சில்லில் கிடையாது.

எச்டியின் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். 1920 பெருக்கல் 1080 என்றால் 20 லட்சத்து 73 ஆயிரத்து 600 புள்ளிகள். ஒரு புள்ளிக்கு 24 பிட், வினாடிக்கு 25 படம். சுருக்காமல் அனுப்பினால் வினாடிக்கு 124 கோடி பிட்டுக்கு மேல். 2006-ல் வந்த புளூ-ரே தட்டு படத்துக்கு அதிகபட்சம் 4 கோடி தருகிறது. முப்பதில் ஒரு பங்குக்கும் கீழே சுருக்கியதை வினாடிக்கு 25 முறை பிழையில்லாமல் விரிக்க வேண்டும். பென்டியம் 4 கணினிகள் இதில்தான் திணறின. பாட்டு ஓடும், படம் நின்றுவிடும்.

மாணவரின் கேள்விக்குப் பதில் 2008, 2009-ல் இருக்கிறது. இன்டெல் 2008-ல் ஆட்டம் என்ற சிறு பிராசசரை விட்டது. அது 1080 படத்துக்குத் தாங்கவில்லை. மறு வருடம் என்விடியா தன் அயான் சில்லை அதே ஆட்டத்தோடு சேர்த்தது. படம் வழுக்கிக்கொண்டு ஓடியது. பிராசசர் மாறவில்லை; விரிக்கும் வேலையைத் தனிச் சுற்று ஒன்று எடுத்துக்கொண்டது. 2012 பிப்ரவரி 29-ல் வந்த ராஸ்பெரி பை இன்னும் தெளிவான சாட்சி. விலை 35 டாலர், வேகம் 700 மெகாஹெர்ட்ஸ். 2000-ல் வந்த முதல் பென்டியம் 4-இன் வேகத்தில் அது பாதி. ஆனாலும் கைபேசி சார்ஜரில் ஓடி 1080 படம் காட்டியது. அது மின்வெட்டுக் காலம். கணினியை ஏற்றினால் மூச்சுவிடும் இன்வெர்ட்டர் இதைச் சுமையாகவே நினைக்கவில்லை. மென்பொருளும் இலவசம்: 2002-ல் எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுப் பெட்டிக்காக ஆர்வலர்கள் தொடங்கி, 2014-ல் கோடி என்று பெயர் மாற்றிக்கொண்டது. (எண்ணிக்கைக் கோடி இல்லை, பெயரே அதுதான்.)

ஆனால் அந்தப் பையில் டிவிடியின் எம்பெக்-2 முறையை விரிக்கத் தனியாகப் பணம் கட்டிச் சாவி வாங்க வேண்டியிருந்தது. 2013-ல் வந்த எச்.265-க்கு அதில் சுற்றே இல்லை; 2019-இன் பை 4-ல்தான் வந்தது. 2023-இன் பை 5-ல் எச்.264 சுற்றையே எடுத்துவிட்டார்கள். பிராசசரே அந்த வேலையைச் செய்யும் அளவுக்கு வளர்ந்துவிட்டது.

ஆகவே தம்பி, கடையில் கேட்க வேண்டியது இதுதான்: எச்.264, பத்து பிட் எச்.265, விபி9, ஏவி1 இவற்றில் எதற்கெல்லாம் சில்லில் சுற்று இருக்கிறது? ஓடிடி பார்ப்பீர்கள் என்றால் வைட்வைன் எல்1 சான்று வேண்டும். இல்லாவிட்டால் 4கே டிவியில் பழைய டிவிடி தரத்தில் படம் வரும். விசிறி இல்லாத பெட்டி நல்லது. முடிந்தால் வைஃபையை நம்பாமல் லேன் கம்பி இழுங்கள். சோதனைக்கு ஹீரோ அறிமுகக் காட்சியைப் போடாதீர்கள். அருவி வீடியோவைப் போடுங்கள். குறை இருந்தால் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இனிக் கல்யாணக் கேசட். எனக்குக் கவலை இதில்தான்.

பெட்டி இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்குக் கிடைக்கும். டெக் அப்படியில்லை. உலகத்தில் கடைசியாக விஎச்எஸ் டெக் செய்துகொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது. நம் ஊருக்கு இன்னொரு தொல்லை சாரல். ஆரியங்காவுக் கணவாய் வழியாக ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வரும் ஈரக்காற்று நமக்குச் சுகம், நாடாவுக்குப் பூஞ்சை. பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் பத்திரமாக வைத்த கேசட்டிலும் அது பூக்கும்.

விசிடி வந்த காலத்தில் பல வீடுகளில் கேசட்டை விசிடியாக மாற்றிக்கொண்டு கேசட்டைத் தூக்கிப் போட்டார்கள். என் அக்கா வீட்டிலும் அப்படித்தான். கடைக்காரர் ஒருவர், இனிமேல் இது எதற்கு என்று சொல்லியிருக்கிறார். டிவிடியில் 576 வரிசை. விசிடியில் 288 மட்டுமே. இரண்டு அரைப்படங்களில் ஒன்றை அங்கேயே விட்டுவிட்டார்கள். அத்தான் தாலி கட்டும்போது அம்மா திரும்பிப் பார்த்துச் சிரிப்பது அந்த விசிடியில் சதுரம் சதுரமாகத்தான் இருக்கிறது. திரும்ப எடுக்க மூலம் கிடையாது.

உங்கள் வீட்டில் கேசட் இன்னும் இருந்தால், விசிடி இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். மறுபடி மாற்றுங்கள். மாற்றிக் கொடுப்பவரிடம் அரைப்படங்களைச் சேர்க்காமல் 50-ஐயும் அப்படியே பதியச் சொல்லுங்கள். கோடி போன்ற மென்பொருள் ஓடும்போது அவற்றைப் பிரித்துக் காட்டும். இல்லாவிட்டால் கை அசையும் இடமெல்லாம் சீப்புப் பல் மாதிரி கோடு தெரியும். 2000-ஐ ஒட்டிய கல்யாணங்கள் மினிடிவி நாடாவில் இருக்கும். அதற்கு ஃபயர்வயர் துளை உள்ள பழைய கணினி தேவை. வைத்திருப்பவர்கள் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட வேண்டாம்.

டெக்கில் போடுவதற்கு முன் கேசட்டின் மூடியைத் தூக்கி வெளிச்சத்தில் பாருங்கள். நாடாச் சுருளின் ஓரத்தில் வெள்ளைப் பொடி இருந்தால் ஓட்டவே கூடாது. பூஞ்சை ஹெட்டில் ஒட்டிக்கொண்டு அடுத்து வரும் கேசட்டையும் கெடுக்கும். முதலில் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

தென்காசி, செங்கோட்டை, கடையநல்லூர்ப் பக்கம் ஓடுகிற நிலையில் யாரிடமாவது டெக் இருக்கிறதா? கமெண்டில் சொல்லுங்கள். பெங்களூர்த் தம்பி தீபாவளிக்கு ஊருக்கு வருகிறார். அவரிடம் மொத்தம் நான்கு கேசட்.