சட்டையும் தோலும்

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பது நம் நாட்டுப் பழமொழி. சீமை நாரீமணிகள் மட்டும் அப்படி நடுங்கியதாகத் தெரியவில்லை. முதல் உலக யுத்தம் முடிந்த பிற்பாடு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் புது மோஸ்தர் ஒன்று கிளம்பிற்று. கையில் பாம்புத் தோல் பை, காலில் பாம்புத் தோல் ஜோடு, இடுப்பில் பாம்புத் தோல் வார்! அந்தச் சீமாட்டிகளின் கைப்பைகளில் பல, பிறப்பால் நம் செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்தவை. வயல் வரப்பில் எலி பிடித்துக்கொண்டு சிவனே என்று கிடந்த சாரைப்பாம்பு, கப்பலேறிக் கடல் கடந்துபோய்க் கண்ணாடிப் பீரோவுக்குள் அமர்ந்தது.

தோலுக்கும் சென்னையின் தென்பகுதிக்கும் உள்ள உறவு பழையது. பல்லாவரத்தைத் தாண்டித் தாம்பரம் போகும் ரயிலில் தினமும் ஆயிரக்கணக்கானவர்கள் குரோம்பேட்டையில் இறங்குகிறார்கள். அந்தப் பெயர் எப்படி வந்தது என்று யோசிக்க அவர்களுக்கு எங்கே நேரம்? சேம்பர்ஸ் என்ற வெள்ளைக்காரர் 1912-ல் அங்கே தொடங்கிய 'குரோம் லெதர் கம்பெனி'தான் ஊருக்குப் பெயர் வைத்தது. ஆவாரம்பட்டை போட்டுப் பதனிட்ட நாட்டில், குரோமிய உப்பைக் கொண்டு பதனிடும் புது முறை வந்த காலம் அது. தோல் என்றால் சென்னை என்று உலகச் சந்தையில் பெயர் நிலைத்துவிட்டது. 1948-ல் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தை அடையாற்றில் கொண்டு வந்து வைத்ததும் காரணமில்லாமல் அல்ல. ஆட்டுத் தோலும் மாட்டுத் தோலும் போன வழியிலேயே பாம்புத் தோலும் போயிற்று.

இங்கே ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிட வேண்டும். பாம்புதான் தானாகவே சட்டை உரிக்கிறதே, அதை எடுத்துப் பை தைத்தால் என்ன என்று சில அன்பர்கள் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதுதான். ஆனால் சட்டை வேறு, தோல் வேறு. சட்டை என்பது மேல்தோலின் மேலே இருக்கும் உயிரற்ற மெல்லிய படலம். நம் நகம் எதனால் ஆனதோ அதே வகைப் பொருளால் ஆனது. பாம்பின் வர்ணத்தில் பெரும்பகுதி அதில் வராது. உரிக்கும் நாள் நெருங்கினால் பாம்பின் கண்கள் பால் பூத்தாற்போல் மங்கிவிடும். கண்ணுக்கு இமை இல்லாததால், அதை மூடியிருக்கும் கண்ணாடி போன்ற செதிலும் சட்டையோடு கழன்று வரும். கல்லிலோ வேரிலோ மூக்கை உரசி, வாயருகே கிழித்துக்கொண்டு, முன்னே ஊர்ந்து வெளிப்படும். நாம் காலுறையைக் கழற்றுகிறோமே, அப்படி உள்புறம் வெளிப்புறமாகத் திரும்பிவிடும். ஆகையால் கிடக்கும் சட்டையின் வால் நுனி எந்தத் திசையைக் காட்டுகிறதோ அந்தத் திசையில் பாம்பு போயிருக்கும். பெட்டியில் வைத்தால் பணம் சேரும் என்று சட்டையைப் பத்திரப்படுத்துகிறவர்கள் உண்டு. பணம் சேருகிறதோ இல்லையோ, அதனால் பாம்புக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

தோல் அப்படியல்ல. பாம்பு செத்தால்தான் தோல். சட்டையை வருஷத்துக்குப் பல தடவை கொடுக்கும் பிராணி, தோலை ஒரே ஒரு முறைதான் கொடுக்கும்.

அதைப் பிடித்துக் கொடுத்தவர்கள் இருளர்கள். தாம்பரத்துக்குத் தெற்கே வண்டலூர், செங்கற்பட்டு, மாமல்லபுரம் என்று பரந்துகிடக்கும் புதர்க்காடுகளிலும் வயல்களிலும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்கள். மாசி மகத்தன்று மாமல்லபுரம் கடற்கரையில் கூடிக் கன்னியம்மனை வழிபடுகிறவர்கள். நம் கண்ணுக்கு வெறும் மண்ணாகத் தெரியும் இடத்தில் அவர்கள் பாம்பின் தடத்தைப் படிப்பார்கள். வளையின் வாயைப் பார்த்தே உள்ளே இருப்பது எலியா பாம்பா, இருந்தால் என்ன பாம்பு என்று சொல்லிவிடுவார்கள். ஒரு கடப்பாறை, ஒரு சாக்கு, வெறுங்கை. எலி வளையைத் தோண்டினால் மூன்று லாபம்: எலி உணவாகும், எலி சேர்த்து வைத்த நெல் கஞ்சியாகும், எலியைத் தேடி வந்த பாம்பின் தோல் காசாகும்.

காசு என்று சொல்லிவிட்டேனே தவிர, காசு போன இடம் வேறு. தோலைப் பிடித்தவனுக்கும் அணிந்தவளுக்கும் நடுவே உள்ளூர் வியாபாரி, பதனிடும் ஆலைக்காரர், ஏற்றுமதிக்காரர், சீமைக் கடைக்காரர் என்று வரிசையாக நின்றார்கள். ஒவ்வொருவர் கையும் சற்று நனைந்தது. முதல் கை மட்டும் ஏறக்குறைய உலர்ந்தே இருந்தது. 1950-களிலும் 60-களிலும் ஆண்டுதோறும் லட்சக்கணக்கான தோல்கள் இந்தியாவிலிருந்து வெளியேறின. நல்லபாம்பு, கண்ணாடி விரியன், மலைப்பாம்பு எல்லாம் உண்டு, சாரைதான் அதிகம்.

அந்தச் சமயத்தில் சேலையூருக்கு ஒரு மனிதர் வந்து சேர்ந்தார். ராமுலஸ் விட்டேகர் 1943-ல் நியூயார்க்கில் பிறந்தவர். எட்டு வயதில் இந்தியாவுக்கு வந்தவர். இடையே அமெரிக்கா போய், மியாமியில் பாம்பு விஷம் எடுப்பதில் பெயர்பெற்ற பில் ஹாஸ்ட் என்பவரிடம் வேலை பழகித் திரும்பினார். 1969-ல் தாம்பரத்தை அடுத்த சேலையூரில் சிறிய பாம்புப் பண்ணை ஒன்றை அமைத்தார். சென்னை பாம்புப் பூங்காவின் ஜன்ம ஸ்தலம் அதுதான். 1972-ல் அது கிண்டிக்குக் குடிபெயர்ந்தது. கிண்டியைப் பார்த்தவர்களில் எத்தனை பேருக்குச் சேலையூர் தெரியும்? விட்டேகருக்குப் பாம்பு பிடிப்பதில் தோழர்களாகவும் குருமார்களாகவும் அமைந்தவர்கள் இருளர்களே.

பூங்கா கிண்டிக்குப் போன அதே 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. 1976-ல் பாம்புத் தோல் ஏற்றுமதி தடைசெய்யப்பட்டது. தடை சரியானதே, அதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. எலியைத் தின்னும் பாம்பை லட்சக்கணக்கில் உரித்துவிட்டு, நெல்லை எலி தின்கிறதே என்று அழுதுகொண்டிருந்த நாடு இது. ஆனால் சட்டம் செய்தவர்கள் ஒரு குடிசையின் பானைக்குள் எட்டிப் பார்த்திருக்கலாம். நேற்றுவரை தொழிலாளியாக இருந்த இருளர், மறுநாள் பொழுது விடிந்தபோது குற்றவாளி ஆனார். சாக்குப் பையோடு காட்டோரம் நடந்தாலே அதிகாரியின் பார்வை விழும். ஏற்றுமதிக்காரருக்கு ஆட்டுத் தோல் இருந்தது. இருளருக்கு என்ன இருந்தது?

கைத்திறமை இருந்தது. அதை வைத்தே வழி பிறந்தது. பாம்பைக் கொன்று தோலை விற்பதற்குப் பதில், உயிரோடு பிடித்து விஷத்தை எடுத்து விற்றால் என்ன? விஷமுறிவு மருந்து செய்ய விஷம் வேண்டும்; அதைச் சிறுசிறு அளவாகக் குதிரைகளுக்கு ஏற்றி, அவற்றின் ரத்தத்திலிருந்துதான் மருந்து தயாராகிறது. நம் நாட்டில் 2000 முதல் 2019 வரை இருபது ஆண்டுகளில் சுமார் 12 லட்சம் பேர் பாம்புக் கடியால் மாண்டதாக ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். பெரும்பாலோர் கிராமத்து ஏழைகள். கைப்பைக்கு வாடிக்கையாளர் இருந்ததைக் காட்டிலும் இந்தச் சரக்குக்குத் தேவை எவ்வளவோ அதிகம்.

விட்டேகரும் நண்பர்களும் துணை நிற்க, 1978-ல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் பதிவாயிற்று. மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலியில், முதலைப் பண்ணைக்குள்ளே, அது நடக்கிறது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கும்தான் அங்கே விருந்தாளிகள். இந்திய மருந்துக் கம்பெனிகள் வாங்கும் விஷத்தில் பெரும்பகுதி இந்த ஒரு சங்கத்திலிருந்து போகிறது. வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரண்டு இருளர்கள் 2017-ல் அமெரிக்காவின் புளோரிடாவுக்கே அழைக்கப்பட்டார்கள். அங்கே பெருகிவிட்ட பர்மா மலைப்பாம்புகளைப் பிடிக்க ஆள் தேவைப்பட்டது. தோல் பை அணிந்த நாடு, பாம்பு பிடிக்கத் தெரிந்தவனைத் தேடி வந்தது! 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

இவ்வளவு சொன்ன பிறகு, எல்லாம் சுபம் என்று முடிக்க எனக்கு மனம் வரவில்லை. சங்கத்தில் உறுப்பினர்கள் சுமார் 350 பேர். இருளர்களோ பல்லாயிரம் பேர். மற்றவர்களுக்கு அரிசி ஆலை, செங்கல் சூளை, கூலி வேலை. எத்தனை பாம்பு பிடிக்கலாம் என்று அரசாங்கம்தான் உத்தரவு கொடுக்க வேண்டும். உத்தரவு தாமதமானால் அடுப்பும் தாமதமாகும். தாம்பரம் 2021-ல் மாநகராட்சி ஆகிவிட்டது. புதர்க்காடு அடுக்குமாடி ஆகிவிட்டது. வரப்பே இல்லாத இடத்தில் வளையை எங்கே தேடுவது?

பாம்பு யாருடையது என்ற கேள்விக்கும் சட்டம் பதில் வைத்திருக்கிறது. உங்கள் வீட்டுக் கொல்லையில் செத்துக் கிடந்தாலும் சாரைப்பாம்பு அரசாங்கத்தின் சொத்து. அதன் தோலை உரித்து மணிபர்ஸ் தைத்துக்கொள்ள உங்களுக்கு உரிமை இல்லை. பாட்டனார் காலத்துப் பை பெட்டியில் இருந்தால், அதை விற்கப் புறப்படாதிருப்பது நல்லது.

வடநெம்மேலியில் பாம்புகளை மண்பானைகளில் வைத்து, வாயைத் துணியால் கட்டியிருப்பார்கள். சில வாரங்கள்தான் அந்தக் காவல். அதற்குள் நாலைந்து தடவை விஷம் எடுப்பார்கள். கண்ணாடிக் கோப்பையின் மேல் கட்டிய சவ்வைப் பாம்பு கடிக்கும்; மஞ்சள் நிறத் துளிகள் உள்ளே இறங்கும். காலம் முடிந்ததும் காட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். விடுமுன் அடிவயிற்றுச் செதிலில் சிறிதாக வெட்டி ஓர் அடையாளம் செய்வார்கள். அந்தப் பாம்பு மறுபடி கையில் அகப்பட்டால், வயிற்றைப் புரட்டிப் பார்த்து, அடையாளம் தெரிந்தால் போகவிடுவார்கள். பாம்பு சில தடவை சட்டை உரித்தபின் அந்த வெட்டு மறைந்துபோகும். அதற்குப் பிறகு அதை மீண்டும் பிடிக்கலாம்.