பரணில் கிடந்த ராட்டை

போன மாதம் பெயிண்ட் அடிப்பதற்காகப் பரணைக் காலி செய்தபோது, பழைய அண்டாக்களுக்குப் பின்னாலிருந்து ஒரு மரப்பெட்டி கிடைத்தது. மூடியிருந்தால் தடிமனான பேரேடு மாதிரி இருக்கும். திறந்தால் உள்ளே பெரிதும் சிறிதுமாக இரண்டு சக்கரங்கள், ஒரு கதிர். என் அம்மாயியின் பெட்டி ராட்டை. பழைய சாமான் வாங்குபவர் தூக்கிப் பார்த்துவிட்டு, "வெறும் மரம் சார், நூறு ரூபாய் தர்றேன்" என்றார். நகைக்கடன் பிரிவில் பல வருடம் உட்கார்ந்தவன் நான். இதற்கு என்ன மதிப்பு போடுவது என்று எனக்கே தெரியவில்லை. திரும்ப வாங்கி வைத்துக்கொண்டேன்.

ராட்டை பரணுக்குப் போவது புதிதல்ல. 1909-இல் கைத்தறி, ராட்டை பற்றி எழுதியபோது இரண்டில் ஒன்றைக்கூடத் தான் பார்த்ததில்லை என்று காந்தியே சுயசரிதையில் ஒப்புக்கொள்கிறார். ஆசிரமத்தில் தறி போட்ட பிறகும் நூற்கத் தெரிந்தவர் அகப்படவில்லை. கங்காபென் என்ற அம்மையார் குஜராத்தில் ஊர் ஊராகத் தேடி, பரோடா சமஸ்தானத்து விஜாப்பூரில் கண்டுபிடித்தார். அங்கே பல வீடுகளில் ராட்டை இருந்தது, பரணில்! மில் நூல் வந்தபின் வேண்டாத சாமானாகிவிட்டது. நூற்கத் தயார், ஆனால் பஞ்சுத் திரி தர வேண்டும், நூலை வாங்கிக்கொள்ளவும் வேண்டும் என்றார்கள் அந்த வீட்டுப் பெண்கள். நியாயமான பேச்சு. சுத்தம் செய்து, அடித்து, விரல் கனத்துக்குச் சுருட்டிய திரி இல்லாவிட்டால் ராட்டை சும்மாதான் சுற்றும்.

அப்படி ஆசிரமத்தில் நெய்த முதல் கதர், கஜம் 17 அணா விழுந்தது. முரட்டுத் துணி. காந்தி கூசாமல் அந்த விலைக்கே நண்பர்களிடம் சிபாரிசு செய்தார்.

விலை ஏன் அப்படி? வங்கிக்காரன் புத்தி, கணக்குப் போட்டுப் பார்த்தேன். 20-ஆம் நம்பர் நூல் என்றால், ஒரு பவுண்டு எடையில் 840 கஜச் சிட்டம் 20 இருக்கும். அதாவது 16,800 கஜம். கை பழகியவர் ராட்டையில் மணிக்கு 300 முதல் 400 கஜம் நூற்பார். ஆக, ஒரு பவுண்டு நூலுக்கு 42 முதல் 56 மணி நேரம்! நெசவுக் கூலி இதில் சேரவில்லை.

இந்த வேகத்தைக் கூட்டத்தான் 1929-இல் அகில இந்திய நூற்போர் சங்கம் ஒரு லட்சம் ரூபாய் பரிசு அறிவித்தது. அந்தக் காலத்து ஒரு லட்சம்! நிபந்தனைகளைப் பாருங்கள். எட்டு மணி நேரத்தில் 12 முதல் 20 நம்பர் வரையான நூல் 16,000 அடி நூற்க வேண்டும். ஒரு பெண் களைக்காமல் ஓட்டக்கூடியதாக இருக்க வேண்டும். விலை 150 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது. இருபது வருடம் உழைக்க வேண்டும். பரிசு கடைசிவரை யாருக்கும் கிடைக்கவில்லை. என் வீட்டிலிருக்கும் பெட்டி ராட்டை வேறு வழியில் வந்தது. காந்தி எரவாடா சிறையில் இருந்த நாட்களில் உருவானதால் அதற்கு எரவாடா சக்கரம் என்றே பெயர்.

அம்மாயிக்குத் திருச்செங்கோட்டுப் பக்கம். 1925-இல் ராஜாஜி புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கினார். மழை பொய்த்த வறண்ட பூமி அது. சுற்றுப்பட்டுப் பெண்கள் நூலைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுக் கூலியும் பஞ்சும் வாங்கிப்போவார்கள். அம்மாயியும் அப்படி நடந்தவர்தான். சின்ன வயதில் நான் பெருமையாக, "நீங்களும் சுதந்திரப் போராட்டத்தில் இருந்தீர்களா?" என்று கேட்டேன். "போராட்டமென்ன சாமி, கம்பு வாங்கக் காசு வேணுமல்லோ" என்றார்.

அந்தக் காசு எவ்வளவு? கதர் இயக்கத்தில் எனக்கு உறுத்தும் இடம் இதுதான். நூற்பவருக்கு எட்டு மணி நேர வேலைக்கு எட்டணாவாவது தர வேண்டும் என்று 1935-இல் காந்தி வற்புறுத்தினார். கூலியை ஏற்றினால் துணி விலை ஏறும், விற்பனை படுத்துவிடும் என்று சங்கத்துக்குள்ளேயே கவலைப்பட்டார்கள். முதற்படியாக மூன்றணா என்ற அளவுக்குத்தான் வர முடிந்தது. என் கணக்குப்படி ஒரு பவுண்டு நூலுக்கு ஏறக்குறைய 18 அணா, ஆறு நாள் உழைப்புக்கு. வாங்குபவரின் தேசபக்தியில் ஒரு பங்கைத் தன் கூலியில் கழித்துக்கொண்டவர் நூற்றவர்தான் என்பது என் அபிப்பிராயம். கதர் விலை அதிகம் என்று சிரிப்பவர்களும், கதரைக் கும்பிடுபவர்களும் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை.

சுதந்திரத்துக்குப் பிறகு வேகப் பிரச்சினையைத் தீர்த்தவர் நம் தமிழ்நாட்டுக்காரர், ஏகாம்பரநாதன். 1949 வாக்கில் அவர் செய்த ராட்டைக்கு அவர் பெயரை வைத்தே அம்பர் ராட்டை என்று பெயர் வந்தது. (அம்பரம் என்றால் தமிழில் ஆடை என்றும் பொருள் உண்டு. பொருத்தம்தான்.) பஞ்சை இழுக்கும் வேலையை விரலிடமிருந்து உருளைகளுக்கு மாற்றினார். மில்லில் உள்ள அதே தத்துவம், ஆனால் கையால் சுற்றுவது. ஒரே சமயத்தில் நான்கு கதிர் ஓடும். 1955-இல் கார்வே குழு இதை ஆதரித்தது. அரசாங்கமும் பெரிய அளவில் இறங்கியது. மில் தரப்பு எதிர்த்தது. இன்றைய கதரில் பெரும்பகுதி அம்பர் வழி வந்த ராட்டைகளில் நூற்றதுதான்.

பெட்டி ராட்டையின் கயிறு இற்றுப்போயிருந்தது. புதுக் கயிறு கட்டி, ஆணிக்கு எண்ணெய் விட்டதும் சக்கரம் சுற்ற ஆரம்பித்தது. பக்கத்து வீட்டுச் சிறுமி இரண்டு நாளாக, "தாத்தா, எப்போ நூல் வரும்?" என்று வந்து நிற்கிறாள். பள்ளிக்கூடத்தில் தக்ளி சுற்றிய பழக்கம் என் விரலுக்கு இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. பஞ்சுத் திரிதான் இல்லை. கதர்க்கடையில் கேட்டேன். "யாரும் கேட்பதில்லை சார், நூற்பு நிலையத்தில் சொல்லி வைக்கிறேன்" என்றார்கள். இன்னும் வரவில்லை.