எல்லோராவில் இருக்கும் யானையும் பாலெங்கேயில் இல்லாத யானையும்

நம் சங்க மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த நண்பர், தலைப்பையும் கையோடு கொண்டுவந்துவிட்டார். "நயினாரே, மத்திய அமெரிக்காவில் கோயில் கட்டிய மாயர்கள் நம்ம மயன் வழி வந்த தமிழர்தானாம். கல்லிலே யானை செதுக்கியிருக்காங்களாம். அதை எழுதுங்களேன்" என்றார். சாலைக் கடைத்தெருவில் பருப்பும் மல்லியும் மொத்த வியாபாரம் செய்து நாற்பது வருஷம் கழித்தவன் நான். மூட்டையில் கையை விட்டுப் பார்க்காமல், மேலே ஒட்டிய சீட்டை நம்பிச் சரக்கு எடுத்துப் பழக்கமில்லை. அந்த யானை எங்கிருந்து வந்தது என்று தேடினேன்.

வால்டெக் என்ற ஓவியர் 1832-33இல் பாலெங்கே இடிபாடுகளில் தங்கிப் படம் வரைந்தார். மாயர் கட்டடங்களுக்கு மூலம் பழைய உலகத்தில்தான் இருக்கவேண்டும் என்பது அவர் மனத்தில் ஏற்கனவே பதிந்திருந்தது. ஆகவே எழுத்துச் சின்னங்களை வரையும்போது யானைத் தலை வந்து விழுந்துவிட்டது. பின்னால் எடுத்த புகைப்படங்களில் அந்தக் கல்லெல்லாம் இருக்கிறது, யானை மட்டும் இல்லை. மாயர் நாட்டில் யானையே கிடையாது என்பது வேறு விஷயம்.

1839இல் கேதர்வுட் என்ற ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர், ஸ்டீபன்ஸ் என்ற அமெரிக்க வக்கீலோடு கோப்பானுக்குப் போனார். (அந்த இடத்தையே ஸ்டீபன்ஸ் ஐம்பது டாலருக்கு வாங்கினார். வியாபாரி என்ற முறையில் அந்தப் பேரத்தை நினைத்து நினைத்து வியக்கிறேன்.) காட்டுக்குள்ளே சேற்றில் நின்றுகொண்டு வரைந்தவருக்கு முதலில் கை ஓடவில்லை. கண்டு பழகாத உருவங்கள் அல்லவா? கேமரா லூசிடா என்ற கண்ணாடிக் கருவியின் துணையோடு, கோடு கோடாக, புரியாததையும் புரியாதபடியே வரைந்து வைத்தார். இதைக் கட்டியவர்கள் அந்த மண்ணில் வாழ்ந்தவர்களின் முன்னோர்தான் என்று ஸ்டீபன்ஸ் 1841இல் எழுதினார். மாய மொழிகளைப் பேசுகிறவர்கள் இன்றும் அங்கே லட்சக்கணக்கில் இருக்கிறார்கள்.

இதில் ஒரு சமணனுக்கு என்ன அக்கறை என்று கேட்பீர்கள். எல்லோராவுக்கு வாருங்கள்.

ஜேம்ஸ் வேல்ஸ் என்ற ஸ்காட்லாந்து ஓவியர் 1791இல் பம்பாய்க்கு வந்தார். பூனாவைச் சேர்ந்த கங்காராம் தாம்பட் என்ற நம் நாட்டு ஓவியரும் அவரோடு சேர்ந்து வேலை செய்தார். கங்காராமே எல்லோராக் குகைகளை வரைந்திருக்கிறார். ஆனால் அவர் பெயரைச் சொல்வார் குறைவு. வேல்ஸ் 1795இலேயே இறந்துபோனார். அவருடைய சித்திரங்களைத் தாமஸ் டேனியல் செதுக்குப் படங்களாக்கி, இருபத்து நான்கு காட்சிகள் கொண்ட தொகுப்பாக 1803இல் வெளியிட்டார். தொகுப்பின் பெயர் எல்லோரா மலையின் இந்துக் குடைவுகள். அதற்குள் இந்திர சபை, ஜகந்நாத சபை என்று அங்கே வழங்கிய பெயரிலேயே எங்கள் சமணக் குகைகளும் இருக்கின்றன.

இந்திர சபை என்பது 32ஆம் குகை. நான் நேரில் போய்ப் பார்த்தேன். முற்றத்திலே ஒரே கல்லில் செதுக்கிய யானை நிற்கிறது. மாடியில் யானைமேல் அமர்ந்த யக்ஷன் ஒருபுறம். மாமரத்தடியில் சிங்கத்தின்மேல் அம்பிகா யக்ஷி மறுபுறம். யானையைக் கண்டதும் இந்திரன் என்றும், எதிரே இருப்பவள் இந்திராணி என்றும் சொல்லிவிட்டார்கள். நடுவே கருவறையில் அமர்ந்திருக்கும் தீர்த்தங்கரரை யாரும் கணக்கிலே சேர்க்கவில்லை. ஃபெர்குசனும் பர்கெஸும் 1880இல் வெளியிட்ட குகைக் கோயில் நூலில் இவை சமணம் என்று தனியாக வகைப்படுத்தப்பட்டன. பெயர் மட்டும் இந்திர சபையாகவே நின்றுவிட்டது.

அவ்வளவு தூரம் போவானேன்? இங்கிருந்து மார்த்தாண்டம் போய், பக்கத்திலே சிதறால் மலை ஏறுங்கள். கல்வெட்டில் திருச்சாரணத்து மலை. ஒன்பதாம் நூற்றாண்டுச் சமணப் பள்ளி. 1956 வரை திருவிதாங்கூர், திருக்கொச்சி என்று இந்தப் பக்கத்தோடு இருந்த ஊர்தான். பாறையில் பார்சுவநாதர் இருக்கிறார், அதே அம்பிகாவும் தன் பிள்ளைகளோடும் சிங்கத்தோடும் நிற்கிறாள். கோயில் இன்று பகவதி கோயில். எனக்கு அதில் கோபம் இல்லை. பகவதி என்று விளக்கு வைத்ததால்தான் கல்லுடைப்பவன் கை அங்கே படாமல் இருந்தது என்றுகூட நினைக்கிறேன். ஆனாலும் முதல் தடவை போனபோது என்னோடு மலை ஏறியவர், "இங்கே சமணர் எப்ப சார் இருந்தாங்க?" என்று என்னிடமே கேட்டார். அன்று இறங்கும்போது நான் அதிகம் பேசவில்லை.

கோப்பானின் பக்கத்து ஊரில் ஒரு மாயக் கிழவர் இருப்பார். அவரிடம் நம் ஆள் ஒருவர் போய், "இதைக் கட்டியது எங்க பாட்டன்" என்று சொன்னால் அவர் மனசு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். நண்பரிடம் இதைத்தான் சொன்னேன். "அப்போ யானை?" என்றார். வால்டெக் வரைந்த யானை, எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன்.