எரித்தவர் தந்த சாட்சி

கெங்கவல்லியிலே, ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் எழுந்து கேட்டான்: "ஐயா, போர்த்துக்கீசியர் வருமுன்பே மலையாளக் கரையில் கிறித்தவர்கள் இருந்தார்கள் என்கிறீர்களே, அவர்கள் கொள்கை என்ன?"

பட்டம் பெற்ற மிடுக்கு நமக்கு! "உருவ வணக்கத்தை வெறுத்தவர்கள், மரியாளைக் கடவுளின் தாய் என்று அழைக்க மறுத்தவர்கள்" என அடுக்கினோம்.

"எந்த ஏட்டில் இருக்கிறது, ஐயா?"

அகப்பட்டுக்கொண்டோம். நாம் படித்தது ஓர் ஆங்கில நூல். அதன் வேரைத் தேடிப் போனால், அது 1599 சூன் திங்களில், கொச்சியை அடுத்த உதயம்பேரூரிலே சென்று நின்றது. கோவாவின் பேராயர் மெனசிசு கூட்டிய மன்றம் அது. தோமா கிறித்தவர்கள் சிரியாக் மொழியில் போற்றிவந்த ஏடுகளைப் பெயர் சொல்லிக் குறித்து, ஒவ்வொன்றிலும் உள்ள 'பிழை' இன்னது எனக் காட்டி, சிலவற்றைத் திருத்தவும் சிலவற்றைத் தீயிலிடவும் ஆணையிட்டது. ஏடுகள் எரிந்தன, குற்றப் பட்டியல் மட்டும் நின்றது! அந்தப் பட்டியலைத்தான் நாம் கொள்கை விளக்கமென்று வகுப்பிலே ஒப்பித்தோம். வாதியின் மனுவைப் படித்தே தீர்ப்பெழுதும் நடுவரை என்னென்பது?

ஆணைகளை 1606இல் கோவியா என்ற துறவி போர்த்துக்கீசியத்தில் அச்சேற்றினார். 1694இல் கெட்டிசு என்ற இங்கிலாந்துச் சபைக் குரு அவற்றை ஆங்கிலமாக்கினார். ரோமாபுரியை மறுப்பதில் மலையாளச் சபை தம் சபைக்கு முன்னோடி எனக் காட்டுவது அவர் நோக்கம். எரித்தவர்க்கு அது பிழை. இவருக்கோ அதுவே பெருமை. ஏட்டுக்கு உரியவன் குரல் இருவரிடமும் இல்லை.

நமக்கு இது புதிதா? குண்டலகேசி மறைந்தது, அதை மறுக்க எழுந்த நீலகேசியின் உரையிலிருந்து அல்லவா அதன் பாடல்கள் சிலவற்றைப் பொறுக்கி எடுக்கிறோம்!

ஆயினும் வழி அடியோடு அடைபடவில்லை. மன்றம் திருத்திய வழிபாட்டு நூல், அத்தாய், மாரி என்போர் பெயரால் வழங்குவது. மெசப்பொத்தாமியச் சபைக்கும் அதுவே உரியது. மோசூல் நகரின் மார் ஏசாயா கோயிலில் கிடைத்த பழம்படி 1966இல் அச்சேறியது. அது 10 அல்லது 11ஆம் நூற்றாண்டினது; மெனசிசின் கை படாதது. திருத்தியதையும் திருத்தாததையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். பட்டியல் எவ்விடத்தில் மெய் பேசுகிறது, எவ்விடத்தில் மிகை பேசுகிறது என்பதை அப்படித்தான் அளக்க முடியும். மலையாளக் கரையில் எழுதப்பட்டவற்றிலும் ஒன்று தப்பியிருக்கிறது: பவுலின் நிருபங்களிலிருந்து கோயிலில் வாசிக்கும் பகுதிகள், 1301இல் கொடுங்கல்லூரில் படியெடுக்கப்பட்டவை. எழுதியவன் பெயர் சக்கரியா. தன் வயது பதினான்கு என்று அவனே குறித்து வைத்திருக்கிறான்.

மறுவாரம் வகுப்பிலே நம் விடையைத் திரும்பப் பெற்றோம். சக்கரியாவின் கதையையும் சொன்னோம். கேள்வி கேட்ட பையனுக்கும் பதினான்கு வயதுதான்.

"அந்த ஏடு இப்போது எங்கே இருக்கிறது, ஐயா?" என்றான்.

"வத்திக்கானில், தம்பி, போப்பாண்டவரின் நூலகத்தில்" என்றோம்.