பெட்டியில் வந்த கவுன்

எங்க ஆயா தன் எட்டு வயசில் போட்ட முதல் முழு உடுப்பு அமெரிக்காவிலிருந்து வந்தது. மரக்காணம் உப்பளத்தை ஒட்டிய சேரியில் பிறந்தவங்க. அதுவரைக்கும் இடுப்பில் ஒரு கிழிசல், அவ்வளவுதான்.

"கோயிலுக்குப் பெட்டி வந்துகீதுன்னு சொன்னாங்க. ஓடினோம். மொதல்ல ஊருப் புள்ளைங்கள உள்ள உட்டாங்க. அதுங்க பொறுக்கிக்கினு போன பொறவு எங்களக் கூப்டாங்க. எனக்கு ஒரு பூப்போட்ட கவுனு. எங்கண்ணனுக்குக் கம்பளிக் கோட்டு. இந்த வெயில்ல கம்பளிய வச்சிக்கினு இன்னா பண்றது? எங்கம்மா அத்த மடிச்சி சும்மாடு கட்டி உப்புக்கூடை தூக்கினாங்க."

அனுப்பியவர்கள் கெட்டவர்கள் இல்லை. அமெரிக்காவில் நவம்பர் மாத நன்றித் திருநாளை ஒட்டிக் கத்தோலிக்கப் பங்குகளில் துணி சேர்ப்பார்கள். தொண்டர்கள் அதைத் தரம் பிரித்து மூட்டை கட்டுவார்கள். 1943இல் போர் நிவாரணத்துக்காகத் தொடங்கி, பிறகு கத்தோலிக்க நிவாரண சேவை என்று பேர் மாறிய அமைப்பு அதைக் கப்பலேற்றும். லுத்தரன் சபைகளுக்கு 1945 முதல் தனி அமைப்பு இருந்தது. 1951இல் இந்திய அரசும் அமெரிக்க அரசும் செய்துகொண்ட ஒப்பந்தம் இப்படி வரும் இலவச உணவு, துணி, மருந்துக்குச் சுங்கவரியை நீக்கியது. ஆக, கடல் தாண்டி வர அந்தத் துணிக்குத் தடை இருக்கவில்லை. கோயில் வாசலிலிருந்து சேரிக்கு வரத்தான் வரிசை போட்டார்கள்.

ஏன் வரிசை? இந்த மண்ணில் துணி உடம்பை மூடுகிற பொருள் மட்டுமா? 1930 டிசம்பரில் ராமநாதபுரம் சீமையில் ஆதிதிராவிடர்களுக்குக் கள்ளர்கள் எட்டுத் தடைகள் போட்டார்கள். ஆண் முழங்காலுக்குக் கீழே வேட்டி கட்டக்கூடாது, சட்டை, கோட்டு, பனியன் போடக்கூடாது. பெண் மாரை மூடக்கூடாது. 1931 ஜூனில் எட்டு பதினொன்றானது. பிள்ளைகள் படிக்கக்கூடாது என்பதும் அதில் சேர்ந்தது. சட்டையும் சிலேட்டும் ஒரே பட்டியலில் இருந்ததைக் கவனியுங்கள். தடை போட்டவனுக்கு இரண்டும் ஒன்று என்று தெரிந்திருக்கிறது. 'துணிதானே கொடுத்தான் மிஷனரி' என்று இளக்காரமாகப் பேசுகிற நம் தோழர்களுக்கு இது தெரியவில்லை.

திருவிதாங்கூரில் மிஷனரி வீட்டுப் பெண்கள் சாணார் கிறிஸ்தவப் பெண்களுக்குக் குப்பாயம் தைத்துக் கொடுத்தார்கள். அதற்காகத் தெருவில் துணி கிழிக்கப்பட்டது, பள்ளிக்கூடங்கள் எரிந்தன. 1859 ஜூலை 26 பிரகடனம் மாரை மூடிக்கொள்ளலாம் என்றது. ஆனால் மேல்சாதிப் பெண்கள் மாதிரி மட்டும் கூடாது, கட்டினால் முரட்டுத் துணி! புலயர், பறையர் பெண்களின் பேரே அதில் இல்லை. அதே நாகர்கோவிலில் 1820களில் மால்ட் அம்மையார் லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அடிமைப் பெண்கள் லேஸ் பின்னிய கூலியில் தங்களையே விலை கொடுத்து மீட்டார்கள். அந்த லேஸ் வெள்ளைக்காரர் உடுப்பில் ஏறியது. கடல் தாண்டிய கணக்கில் நாம் வாங்கியதை மட்டும் எழுதுகிறார்கள், கொடுத்ததை எழுதுவதில்லை.

தமிழ் படித்தவன் என்பதால் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. சிறுபாணாற்றுப்படை எங்க கடற்கரைப் பாட்டு. அதில் வரும் எயிற்பட்டினம் மரக்காணம்தான் என்பது பலர் கருத்து. நல்லியக்கோடன் பாணனுக்கு மாசில்லாத மெல்லிய துணி உடுத்தி விருந்து வைக்கிறான். உப்பு வண்டி ஓட்டும் உமணரும் பாட்டில் உண்டு. உப்பு விளைவித்தவருக்கு யார் துணி கொடுத்தார்கள்? எம்.ஏ. வகுப்பில் அதை யாரும் கேட்கவில்லை, நானும்தான்.

கவுனுக்கு ஒரு விலை இருந்தது. 1950 ஆகஸ்ட் 10இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணை, இந்து அல்லாதவர் அட்டவணைச் சாதியாக முடியாது என்றது. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்துத் திருத்தினார்கள். கிறிஸ்தவத் தலித்தை விட்டுவிட்டார்கள். எங்களைப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் போட்டார்கள். ஊரில் பறையன், கோயிலில் பறையன், கல்லறையிலும் தனி இடம், தாலுகா ஆபீசில் மட்டும் இல்லை! இதில் 'பால் பவுடருக்கும் பழந்துணிக்கும் மதம் மாறினவங்க' என்ற வசை வேறு. ஆயாவிடம் இதைச் சொன்னேன். "கவுனு கெடைக்கிறதுக்கு முன்னாடியே எங்கப்பன் பாட்டனெல்லாம் வேதக்காரங்கடா" என்று சிரித்தாங்க. அந்தக் கவுனைப் போட்டுக்கொண்டுதான் மூணாவது வரைக்கும் பள்ளிக்கூடம் போயிருக்காங்க. கிழிந்தது, நின்றுவிட்டாங்க.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு லாரி லாரியாகப் பழந்துணி வந்தது. நாகப்பட்டினத்துச் சாலையோரங்களில் அது குவிந்து கிடந்து மழையில் மக்கியதை நாடே பார்த்தது. மீனவர்கள் தொட மறுத்தார்கள். மானமுள்ளவர்கள், மறுத்தது சரி. ஆனால் அதே நாகையில் நிவாரண முகாம்களில் தலித் குடும்பங்களுக்கு இடம் மறுக்கப்பட்டது. பிணம் அள்ள வெளியூர் நகராட்சிகளிலிருந்து துப்புரவுத் தொழிலாளிகளைக் கொண்டுவந்தார்கள். மறுப்பதற்குக்கூட முதலில் வரிசையில் பேர் இருக்கணும்.

இப்ப எங்க தெருவிலிருந்து போன ஒரு பொண்ணு திருப்பூரில் தைக்கிறாள். சுமங்கலித் திட்டம் என்று பேர் வைத்து, கல்யாணச் செலவுக்கு மொத்தப் பணம் தருவதாகச் சொல்லி மில்களில் வருசக்கணக்கில் அடைத்துவைக்கப்பட்ட பெண்களில் பெரும்பகுதி தலித்துகள் என்று பல ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. இவள் அந்தத் திட்டத்தில் போனவள் இல்லை, தினக்கூலி. பொங்கலுக்கு வந்தபோது என்ன தைக்கிறே என்று கேட்டேன்.

"கொழந்தைங்க கவுனுண்ணா. அமெரிக்காவுக்குப் போவுது."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆயா, பூப்போட்டதா என்று மட்டும் கேட்டாங்க.