திருப்புளியிலிருந்து மாட்யூல் வரை

1955-இல் சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் கைகோத்தன. திருவொற்றியூரில் புல்லட் உருவானது.

அப்போதெல்லாம் கார்புரேட்டர்தான். ஆக்ஸிலேட்டரைத் திருகும்போது வண்டி திக்கினால், மெக்கானிக் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பார். கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் குறைவு, பிஸ்கட் நிறமென்றால் சரி. திருப்புளியால் ஏர் ஸ்க்ரூவைத் திருகுவார், தேவைப்பட்டால் ஜெட்டை மாற்றுவார்.

2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்தது. புல்லட் 350-உம் ஃபியூயல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறியது. புகைக்குழாயிலுள்ள ஆக்ஸிஜன் சென்சாரைக் கேட்டு, ஒரு கிராம் பெட்ரோலுக்குச் சுமார் 14.7 கிராம் காற்று என்ற கணக்கை வண்டியின் கம்ப்யூட்டர் காக்கிறது. நச்சுப்புகை குறைய அந்தக் கணக்கு வேண்டும். ஆனால் திருகியவுடன் பாய, கொஞ்சம் கூடுதல் பெட்ரோல் கேட்கும். இப்போது கடைகளில் விற்கும் ஃபியூயல் மாட்யூலின் வேலை அதுதான். கம்ப்யூட்டருக்கும் இன்ஜெக்டருக்கும் நடுவே உட்கார்ந்து, இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரத்தைச் சற்று நீட்டுகிறது. பழைய திருப்புளி வேலைதான், பெட்டிக்குள் போய்விட்டது.

"மாட்டட்டுமா தாத்தா?" என்றான் பேரன்.

"முதலில் பிளக்கையும் ஏர் ஃபில்டரையும் பாரப்பா. நாங்கள் இஷ்டத்துக்குத் திருகிய காலத்தில், பின்னால் சைக்கிளில் வந்தவர்தான் இருமினார்" என்றேன்.